மலை மேல் மாநாடு: மகள் போகலாமா?

அம்மா, ஹூஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் உங்கள் மகளுக்கு, கொலராடோ மாநிலம் கீஸ்டோனில் நடக்கும் உயிரியல் மாநாட்டில் போஸ்டர் (தன் ஆய்வை ஒரு பெரிய தாளில் படங்களோடு விளக்கும் சுவரொட்டி) வைக்க வாய்ப்பு வந்திருக்கிறது. "பனிச்சறுக்கு விளையாடுகிற இடத்தில் என்ன படிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகட்டும். பட்டம் முடிக்கப்போகும் நேரத்தில் இதைவிட நல்ல வாய்ப்பு அமைவது கடினம்.

கீஸ்டோன் சிம்போசியா 1972 முதல் நடந்துவரும் மாநாட்டு வரிசை. காலையில் உரைகள், பிற்பகலில் இடைவேளை, மாலையில் மறுபடி உரைகள், இரவில் போஸ்டர். பெரிய நகரத்தில் நடத்தினால் உரை முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். மலையில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சாப்பிட வேண்டும், நடக்க வேண்டும். பெயரை மட்டும் படித்திருந்த பேராசிரியர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அடுத்த வேலைக்கான பேச்சு பல நேரம் அப்படித்தான் தொடங்குகிறது.

அதற்கு அவள் இப்போதே தயாராக வேண்டும். உரையாற்றுவோர் பட்டியலில், தான் சேர விரும்பும் மூன்று நான்கு ஆய்வகங்களைக் குறித்துக்கொண்டு, அவர்களின் அண்மைக் கட்டுரைகளைப் படிக்கட்டும். "இந்த நாள் என் போஸ்டர், நேரமிருந்தால் வாருங்கள்" என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பட்டும். போஸ்டர் முன்னால் ஒருவர் வந்து நின்றதும் பல மாணவர்கள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுத்தைப் படிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அது வேண்டாம். "நீங்கள் எதில் ஆய்வு செய்கிறீர்கள்?" என்று முதலில் கேட்கட்டும். அப்புறம் ஒரே ஒரு வரைபடத்தைக் காட்டி, எது தெரியாமல் இருந்தது, தான் என்ன கண்டுபிடித்தாள் என்பதை இரண்டு நிமிடத்தில் சொல்லட்டும். மீதியை அவரே கேட்பார்.

உடம்பைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. கீஸ்டோன் சுமார் 9,300 அடி உயரம். நம் தொட்டபெட்டா உச்சியே 8,650 அடிதான். ஹூஸ்டனோ கடல்மட்டத்தை ஒட்டிய ஊர். காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறையும். முதல் ஓரிரு நாள் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். முடிந்தால் ஒரு நாள் முன்னதாகக் கிளம்பி, 5,280 அடியில் உள்ள டென்வரில் இரவு தங்கிவிட்டு மேலே போகட்டும். முதல் நாள் பனிச்சறுக்கு வேண்டாம். மது, தூக்க மாத்திரை கூடவே கூடாது. காற்று வறண்டிருக்கும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கட்டும். ரத்தசோகையோ ஆஸ்துமாவோ இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். உயரத்தால் வரும் இந்தத் தொல்லைகளைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை தேவையா என்பதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாமல் போயிருந்தால் மறக்காமல் சொல்லட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ போஸ்டரை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும், கீழே இறங்க வேண்டும். இதில் தயவுதாட்சண்யம் கிடையாது.

செலவுக்கு, மாணவர்களுக்கான உதவித்தொகை உண்டு. அதன் கடைசித் தேதி மாநாட்டுக்குப் பல வாரம் முன்பே முடிந்துவிடும், இன்றே பார்க்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் அங்கே இரவு பத்து மணி என்றால் உங்களுக்கு மறுநாள் காலை பத்தரை. போஸ்டர் முடிந்து அறைக்கு வந்ததும் கூப்பிடச் சொல்லிவிடுங்கள்.