பார்க் ரோவில் கொஞ்சம் நில்லுங்கள்

கேள்வி: 'பேட்மேன்: ஆர்க்கம் சிட்டி' கேமை இப்போதுதான் ஆடுகிறேன். எந்தத் தெருவில் இறங்கினாலும் அடிதடி. இதில் ஊர் என்று ஒன்று இருக்கிறதா, இல்லை, சண்டைக்காகப் போட்ட வெறும் செட்தானா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஊர் இருக்கிறது. எனக்கு அந்தக் கேம் இவ்வளவு பிடித்ததே அதனால்தான்.

2011-ல் வந்த இந்தக் கதையில் கைதிகளுக்கென்று தனியாக ஜெயில் கட்டவில்லை. கோத்தம் நகரத்தின் பழைய பேட்டைகளைச் சுற்றிச் சுவர் எழுப்பி, எல்லோரையும் உள்ளே தள்ளிவிட்டார்கள். மேயர் குவின்சி ஷார்ப்பின் வேலை அது. நிர்வாகம் டாக்டர் ஹியூகோ ஸ்ட்ரேஞ்சிடம். எதிர்த்துக் கேட்டவர்களுக்கும் அதே கதிதான். 'இதை மூடுங்கள்' என்று பேச வந்த ப்ரூஸ் வெய்னையே (பேட்மேனின் நிஜப் பெயர் அதுதான்) பத்திரிகையாளர்கள் முன்னால் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஜோக்கர், பெங்குவின், டூ-ஃபேஸ் என்ற வில்லன்கள் தெருவைப் பங்கு போடுவதெல்லாம் சுவர் எழுந்ததற்கு அப்புறம். இந்த ரகளைக்கு முதல் குற்றவாளி அந்தச் சுவர்தான் என்பேன்.

அந்தப் பேட்டைகளில் ஒன்றான பார்க் ரோவுக்குப் போங்கள். நியாயம் சொல்ல வேண்டிய கோர்ட்டில் டூ-ஃபேஸ் உட்கார்ந்துகொண்டு, கேட்வுமன் என்ற திருடியை 'விசாரிக்கிறான்'. அதே பேட்டையில் மோனார்க் தியேட்டர் இருக்கிறது. அதை ஒட்டிய சந்துதான் க்ரைம் ஆலி. சிறுவன் ப்ரூஸின் கண்ணெதிரே அப்பா அம்மாவைச் சுட்டுக் கொன்ற இடம். தரையில் இரண்டு உடல்களின் சாக்பீஸ் கோடு, பக்கத்தில் பூக்கள். கிட்டே போய் நின்றால் ஒரு பட்டன் காட்டும். அழுத்திப் பிடியுங்கள், பேட்மேன் மண்டியிடுவார். கதை நகர இது தேவையே இல்லை, பலர் கவனிக்காமலே மேலே பறந்துவிடுகிறார்கள். எனக்கோ கேமிலேயே மிகப் பெரிய காட்சி இதுதான். கைதிகள் அடித்துக்கொள்ளும் அந்தப் பேட்டை அவருக்குப் பெற்றோரைப் பறிகொடுத்த இடம் என்று அங்கேதான் உறைத்தது.

அப்புறம் ஒன்று. டிடெக்டிவ் மோடை, அதாவது சுவருக்கு அப்பால் இருப்பவர்களையும் காட்டும் பேட்மேனின் விசேஷப் பார்வையை, அணைத்துவிட்டுச் சுற்றுங்கள். அது போட்டிருந்தால் எல்லாம் நீலமாகி, ஆட்கள் எலும்புக்கூடாகத்தான் தெரிவார்கள். கடைப் பலகையும் சுவர்க் கிறுக்கலும் கண்ணில் படாது. ஒரு கூரை விளிம்பில் உட்கார்ந்து கீழே கைதிகள் பேசிக்கொள்வதையும் கேளுங்கள். அடிக்க இறங்குவது அப்புறம் இருக்கட்டும்.