கருத்தரிக்க முயலும்போது மலையேற்றத்தை நிறுத்த வேண்டுமா?

நாகர்கோவிலில் வசிக்கும் தாங்கள், குழந்தைக்காக முயன்றுவரும் இந்த மாதங்களில் அதிகாலை நடையையும் மருந்துவாழ் மலை ஏறுவதையும் விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டியதில்லை. உடல்நலமுள்ள பெண் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்வது கருத்தரிப்பதற்கு முன்பும் கர்ப்பகாலத்திலும் நல்லதே. நடந்துகொண்டே தடையின்றிப் பேச முடிந்தால் அது மிதமான வேகம், ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கடும் பயிற்சியோடு உணவையும் குறைத்து, அதனால் மாதவிடாய் தள்ளிப்போகத் தொடங்கினால், மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கருமுட்டை வெளிப்படுவது தடைப்பட்டிருக்கலாம். 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்குவது நல்லது.

முதல் மூன்று மாதங்களில் நேரும் கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை கருவின் குரோமோசோம் கோளாறுகளால் வருபவை, நடந்ததால் வருபவை அல்ல. இதை நம் வீடுகளில் யாரும் எடுத்துச் சொல்லாததால், கரு கலைந்த பெண் "அன்று படி ஏறினேனே" என்று தன்னையே நொந்துகொள்கிறாள். ஆயினும் கரு உறுதியானபின், மலையின் செங்குத்தான பாதை, திற்பரப்பு அருவியின் வழுக்குப் பாறை போன்ற, தவறி விழக்கூடிய இடங்களைத் தவிர்த்து, சமதளத்தில் நடப்பதையே பரிந்துரைப்பேன். உடல் அளவுமீறிச் சூடேறக் கூடாது என்பதால், சித்திரை மாதத்தில் வெயில் ஏறும் முன்பே நடையை முடித்து, தண்ணீர் நிறையக் குடியுங்கள். இரத்தப்போக்கு, அடிவயிற்று வலி, நெஞ்சுவலி, தலைசுற்றல் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.