இத்தாலிய வீட்டுச் சமையல்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பொலோன்யாவில் ஒரு சின்ன உணவகத்தில் பாஸ்தா மாவு பிசைந்து தேய்ப்பதுதான் என் வேலை. மிலானிலிருந்து சிசிலி வரைக்கும், வீட்டு அடுப்பில் செய்யக்கூடியது எதையும் கேளுங்கள். பீட்சா, கேக், ஐஸ்கிரீம் என் பக்கம் இல்லை. கேள்விகள் வருவதற்கு முன்பே ஒன்று: பாஸ்தா வெந்த தண்ணீரை சிங்க்கில் கொட்டாதீர்கள், ஒரு டம்ளராவது எடுத்து வையுங்கள். பாதிப் பேருக்கு இதுவே பதில்.

சுபா: அக்கா, கார்போனாரா செய்தால் எனக்கு முட்டைப் பொரியல்தான் வருகிறது. கொஞ்சம் கிரீம் ஊற்றினால் சரியாகுமா?

இந்த ரோம் நகரத்துப் பாஸ்தாவுக்குக் கிரீம் வேண்டாம் சுபா, அடுப்பை அணைத்தால் போதும். மஞ்சள்கரு 65 டிகிரி வாக்கில் கெட்டியாகத் தொடங்கும், இன்னும் சில டிகிரி ஏறினாலே திரிந்துவிடும். தீயில் வைத்துக் கிளறினால் பொரியல் ஆகாமல் என்ன ஆகும்?

இரண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பெகட்டி, மூன்று மஞ்சள்கரு, ஒரு முழு முட்டை, 60 கிராம் பெக்கொரினோ ரொமானோ என்கிற செம்மறி ஆட்டுப்பால் சீஸ் துருவல், தாராளமாக இடித்த மிளகு. அப்புறம் குவான்சாலே 100 கிராம், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கன்னம். அதைத் துண்டு போட்டு, சூடில்லாத வாணலியில் எண்ணெய் விடாமல் வைத்து, சிறு தீயில் கொழுப்பு உருகி ஓரம் மொறுமொறுக்கும் வரை விடுங்கள். முட்டை, சீஸ், மிளகு மூன்றையும் ஒரு கிண்ணத்தில் தடித்த விழுதாக அடித்து, பாஸ்தா தண்ணீர் இரண்டு கரண்டி விட்டு இளக்கிக்கொள்ளுங்கள். வெந்த பாஸ்தாவை அந்தக் கொழுப்பில் புரட்டியதும் அடுப்பை அணையுங்கள். வாணலியில் சத்தம் அடங்கும் வரை ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. சத்தம் நின்ற பிறகு முட்டையை ஊற்றி விடாமல் கிளறினால், ஒவ்வொரு இழையிலும் மஞ்சளாகப் பளபளவென்று ஒட்டும். இறுகினால் அதே தண்ணீர் இன்னும் கொஞ்சம். கொட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அடையாறு_92: பாஸ்தா ஒட்டாமல் இருக்க தண்ணீரில் எண்ணெய் எவ்வளவு?

ஒரு சொட்டும் வேண்டாம். 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு, போட்ட முதல் இரண்டு நிமிடம் கிளறுதல்.

விக்னேஷ்: அசல் ஸ்பெகட்டி பொலோனீஸ் எப்படிச் செய்வது? வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம், ஆட்டுக்கறியில் செய்யலாமா?

தம்பி, இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இங்கே ராகூ என்கிற கொத்துக்கறிக் குழம்பு தல்யாதெல்லேயோடுதான் போகும். முட்டை போட்ட பட்டை பாஸ்தா அது, 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை. மரப் பலகையில் நீளக் கட்டையால் தேய்த்தால் மாவின் மேல் லேசாகச் சொரசொரப்பு வரும், குழம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பெகட்டி வழவழ, கறியெல்லாம் தட்டின் அடியில் தங்கிவிடும். வெந்த தல்யாதெல்லே 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-இல் இங்கே வணிகச் சபையில் பதிவே செய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் வைத்திருக்கிறார்கள். திமிர் என்று சொல்லுங்கள், ஆனால் அளவு சரிதான்.

ராகூவையும் 1982 அக்டோபர் 17-இல் அதே சபையில் பதிந்தார்கள், 2023-இல் புதுப்பித்தார்கள். கொரகொரப்பாக அரைத்த மாட்டிறைச்சி, பஞ்செத்தா என்கிற பன்றி வயிற்றுக்கறி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரி, அரை டம்ளர் வைன், கொஞ்சமே கொஞ்சம் தக்காளி. பூண்டு கிடையாது. இரண்டு மூன்று மணி நேரம் கொதிப்பு மேலே தெரியாத அளவுக்குச் சிறு தீ.

ஆட்டுக்கறிக்கு வருகிறேன். அதற்கு இந்தப் பண்டத்தை ஏன் வளைக்க வேண்டும்? அப்ருட்சோவுக்குப் போங்கள், மத்திய இத்தாலியின் மலைப் பக்கம், ஆடு மேய்த்தவர்கள் பூமி. அங்கே செம்மறிக் குட்டிக்கறி ராகூ பாரம்பரியமாகவே உண்டு, சிவப்புக் குடைமிளகாயும் சேர்ப்பார்கள். கம்பி கட்டிய சட்டத்தின் மேல் மாவை வைத்து உருட்டி அறுக்கிற கித்தாரா பாஸ்தா அதற்கு ஜோடி. பொருள் கிடைக்கவில்லை என்றால் பொருளை மாற்றாதீர்கள், ஊரை மாற்றுங்கள். இத்தாலியில் இருபது மாநிலம், ஏதோ ஒன்றில் உங்கள் வீட்டில் இருப்பதை வைத்தே சமைத்திருப்பார்கள்.

மீனா கோவை: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் இல்லை. பார்மேசானில் கன்றுக்குட்டி சமாச்சாரம் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்கிற அசல் பார்மேசானை, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட் (பாலைத் திரியவைக்கிற பொருள்) இல்லாமல் செய்யக்கூடாது என்பது விதி. பெக்கொரினோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியினுடையது.

தெற்கே போய்விடுங்கள். அங்கே உலர் பாஸ்தா ரவையும் தண்ணீரும் மட்டும், முட்டை இல்லை. சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகளில் பழைய ரொட்டியைத் தூளாக்கி ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து மேலே தூவினார்கள், சிசிலியிலும் கலாப்ரியாவிலும் இன்றைக்கும் தூவுகிறார்கள். சிசிலியில் இருக்கிற கத்தானியா நகரத்தின் பாஸ்தா அல்லா நோர்மாவை அப்படிச் செய்து பாருங்கள்: கத்திரிக்காயை உப்புப் போட்டு வைத்து, நீரைப் பிழிந்து, ஆலிவ் எண்ணெயில் நிறைய விட்டுப் பொரித்து, பூண்டு போட்ட தக்காளிச் சாற்றில் பாஸ்தாவைப் புரட்டி, மேலே கத்திரிக்காய், பேசில் இலை. அந்த ஊர்க்காரரான இசையமைப்பாளர் பெல்லினி 1831-இல் அரங்கேற்றிய ஓபராவின் பெயர்தான் இதற்கு. முறைப்படி ரிக்கோத்தா சலாத்தா என்கிற உப்பிட்ட சீஸைத் துருவ வேண்டும், ஆனால் ரிக்கோத்தாவும் ரென்னட் போட்டுச் சீஸ் செய்தபின் மிஞ்சுகிற தண்ணீரிலிருந்து வருவது, அதனால் உங்களுக்கு ரொட்டித் தூள்தான் சரி.

பழங்கணக்கு: கிரீம் கூடாது என்கிறீர்கள். 1954-இல் ஒரு இத்தாலியச் சமையல் இதழில் வந்த கார்போனாரா குறிப்பில் பூண்டும் சுவிஸ் க்ரூயேர் சீஸும் இருந்ததே? பார்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்பெர்தோ கிராந்தி அது அமெரிக்கப் பண்டம் என்றே சொல்லிவிட்டார். எந்தப் பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறீர்கள்?

வாங்க. நீங்கள் சொன்ன இரண்டும் சரி. இன்னும் ஒன்று நானே தருகிறேன்: இத்தாலியின் பெரிய சமையல்காரர் குவால்தியேரோ மார்க்கேசி 1980-களில் தன் கார்போனாராவில் கிரீம் ஊற்றினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிறந்த பண்டம், யாரும் மறைக்கவில்லை. நான் கிரீம் வேண்டாம் என்பது வயதுக்காக இல்லை, நாக்குக்காக. பெக்கொரினோவின் உறைப்பும் மிளகின் காரமும்தான் அதில் சுவை, கிரீம் இரண்டையும் மழுக்கிவிடும்.

பழங்கணக்கு: அப்படியானால் அது உங்கள் ரசனை. "அசல்" என்று ஏன் சொல்ல வேண்டும்?

நம் ரசத்தில் தக்காளியும் சாம்பாரில் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அதற்காக ரசத்தில் கெட்ச்அப் ஊற்றினால் உங்கள் அம்மா சும்மா இருப்பார்களா? ஒரு ஊர் ஒரு பண்டத்தைச் செய்து செய்து இதுதான் என்று ஓரிடத்தில் வந்து நிற்கிறது. ரோம் இங்கே வந்து நின்றிருக்கிறது.

ராஜி: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ரோம்காரர் கிரீம் ஊற்றினால் தப்பு, உங்கள் பொலோன்யாக்காரர் ராகூவில் பால் ஊற்றினால் பாரம்பரியமா?

நல்லா மாட்டிவிடுகிறீர்கள் ராஜி! ஆமாம், 1982 பதிவிலேயே பால் இருக்கிறது, 2023-இல் விருப்பம்போல் என்று ஆக்கினார்கள். அங்கே அது வைன், தக்காளி இரண்டின் புளிப்பைத் தணிக்கிறது, இரண்டு மணி நேரத்தில் கறியோடு கரைந்து காணாமல் போகிறது. கார்போனாராவில் தணிக்க என்ன புளிப்பு இருக்கிறது?

பழங்கணக்கு: பத்து வருடம் கழித்து ரோம் வேறு இடத்தில் நின்றால்?

அப்போது வந்து கேளுங்கள், பதிலை மாற்றிச் சொல்கிறேன். இதோடு கார்போனாரா முடிந்தது.

தினேஷ்: காச்சோ ஏ பேபே செய்தால் சீஸ் பந்து பந்தாகத் திரள்கிறது.

பெக்கொரினோவும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தா அது. சூடு அதிகம், மாவுச்சத்து குறைவு. இந்தத் திரளலை ஆராய்ந்த இயற்பியலாளர்களுக்கு 2025-இல் இக் நோபல் என்கிற வேடிக்கை ஆராய்ச்சி விருது கிடைத்தது, சிரிக்காதீர்கள், அவர்கள் முறை வேலை செய்கிறது: 240 கிராம் பாஸ்தாவுக்கு 160 கிராம் பெக்கொரினோ, 4 கிராம் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்). மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, கூழானதும் ஆறவைத்து, அதில் சீஸைக் கலந்து, கொஞ்சம் ஆறிய பாஸ்தாவோடு சேருங்கள். ரோமில் சோளமாவைத் தொட மாட்டார்கள், குறைந்த தண்ணீரில் வேகவைத்து அந்தக் கலங்கல் தண்ணீரையே நம்புவார்கள். நீங்கள் தண்ணீரை என்ன செய்தீர்கள்? தெரியும்.

ஹரிணி: பெஸ்தோவை மிக்சியில் அரைக்கலாமா? பைன் கொட்டை விலை பயங்கரம். துளசி போடலாமா?

இந்த பேசில் இலைத் துவையலுக்கு ஜெனோவாவில் பளிங்கு உரல், மர உலக்கை. மிக்சி என்றால் ஜாரைக் குளிரவைத்து, விட்டு விட்டு ஓட்டுங்கள், சூடேறினால் இலை கறுத்துவிடும். முந்திரி பரவாயில்லை, கடைப் பாட்டில்களில் பெரும்பாலும் அதுதான். துளசி வேண்டாம். திருநீற்றுப்பச்சிலை பேசிலின் அதே இனம், ஆனால் வாசனை தூக்கலாக இருக்கும், இளந்தளிரை மட்டும் கிள்ளிப் போடுங்கள். உருளைக்கிழங்குத் துண்டும் பீன்ஸும் பாஸ்தாவோடு ஒரே பானையில் வேக வேண்டும், ஜெனோவா இருக்கிற லிகூரியாவில் அதில்லாமல் சாப்பாடு முழுமை இல்லை.

சேலம்_செந்தில்: கார்போனாராவுக்கு அமுல் கிரீம் எத்தனை ஸ்பூன்?

மேலே படியுங்கள்.

கலா: ரிசோத்தோவைக் குக்கரில் வைத்தால் பாவமா?

இல்லவே இல்லை, இத்தாலிய வீடுகளிலேயே வைக்கிறார்கள். கார்னரோலி அல்லது ஆர்போரியோ அரிசி, கழுவக்கூடாது. வெங்காயமும் அரிசியும் வெண்ணெயில் வறுபட்டு, வைன் வற்றியதும், ஒரு பங்குக்கு இரண்டு பங்கு ரசம் போன்ற சூடான காய்கறிச் சாறு, பிரஷர் வந்து ஆறேழு நிமிடம். அடுப்பை அணைத்து, பிரஷர் இறங்கித் திறந்ததும், குளிர்ந்த வெண்ணெயும் சீஸும் போட்டு வேகமாக அடியுங்கள். பாஸ்மதி வேண்டாம், குழையாது.

நெல்லை_பாபு: நாப்போலி பீட்சாவுக்கு ஓவன் சூடு?

பீட்சா என் பக்கம் இல்லை என்று முதலிலேயே சொன்னேன்.

பூங்கொடி: கடை ரவையில் ஒரெக்கியெத்தே செய்ய முடியுமா? அதோடு போடுகிற கீரை இங்கே கிடைக்காதே.

இந்தக் கேள்வி பிடித்திருக்கிறது. உப்புமா ரவை சாதாரணக் கோதுமை, பருமனும் அதிகம், மாவு உதிர்ந்துபோகும். டியூரம் கோதுமையை இரண்டாம் முறை அரைத்த செமோலா ரிமச்சினாத்தா என்று கேட்டு வாங்குங்கள். 200 கிராமுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் 100 மில்லி, பத்து நிமிடம் பிசைந்து அரை மணி மூடி வையுங்கள். விரல் தடிமனில் கயிறாக உருட்டி, நகம் அளவுக்கு வெட்டி, மொட்டைக் கத்தியால் பலகை மேல் உங்கள் பக்கம் இழுத்தால் சுருளும். அதைக் கட்டைவிரல் நுனியில் கவிழ்த்தால் சின்னக் காது, ஒரெக்கியெத்தே என்றால் அதுதான். பாரி நகரத்தின் பழைய தெருக்களில் பெண்கள் வாசலில் மேசை போட்டு, பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே செய்வார்கள்.

நீங்கள் கேட்ட கீரை சீமே தி ராப்பா, அது இல்லாத இடத்தில் கடுகுக் கீரை போடலாம், அதே குடும்பம், கசப்பும் கிட்டத்தட்ட அதேதான். கீரையைப் பாஸ்தா பானையிலேயே போட்டு நன்றாகக் குழைய விடுங்கள். வேறு வாணலியில் ஆலிவ் எண்ணெய், பூண்டு, காய்ந்த மிளகாய், இரண்டு நெத்திலி. எண்ணெயில் போட்ட பாட்டில் நெத்திலி, கருவாடு இல்லை. அது எண்ணெயிலேயே கரைந்துவிடும், இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கடை திறக்கும் நேரமாகிவிட்டது, மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கிறேன்.