பூக்களின் பள்ளத்தாக்கில் 14 பசங்களோடு கூடாரம் போடலாமா?

போட முடியாது. உத்தராகண்டில் அந்தத் தேசியப் பூங்காவுக்குள் காலையில் போனால் மாலைக்குள் வெளியே வந்தாக வேண்டும், தங்கல் பூங்காவுக்கு வெளியே இருக்கும் காங்கரியா கிராமத்தில்தான். கொண்டுபோக நினைத்த நாலு கூடாரத்தையும் தண்டையார்பேட்டையிலேயே விட்டுவிடுங்கள்.

பயிற்சி நடையில் பசங்களுக்குத் தோள் வலி என்றீர்களே, கூடார எடை மட்டும் காரணமாக இருக்காது. முதுகுப் பையின் இடுப்புப் பட்டையை ஒருத்தனும் மாட்டியிருக்க மாட்டான். பையில் 8 கிலோ அரிசி போட்டு, பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கி, தோள்வாரைக் கொஞ்சம் தளர்த்தி, காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை நடக்கவிட்டுப் பாருங்கள். (மீன் ஏலக் கூட்டத்துக்குள் பையோடு நுழைந்தால் திட்டு நிச்சயம்.)

ஒன்று மட்டும்: காங்கரியா சுமார் 3,000 மீட்டர் உயரம். கடலோரப் பசங்களுக்கு முதல் ராத்திரி தலை வலிக்கலாம். குறையாவிட்டால் மேலே ஏற்றாதீர்கள், கீழே இறக்குங்கள்.