வாசகர் கேள்வி – பதில்: விக்டோரியா காலத்து ஏழைகளின் உணவு

கேள்வி: விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில் இங்கிலாந்தின் ஏழைகள் அன்றாடம் என்ன சாப்பிட்டார்கள்? இறைச்சி அவர்களுக்குத் தாராளமாகக் கிடைத்திருக்கும் என்றே எண்ணியிருந்தேன்.
– வாசகர், விருதுநகர்

பதில்: அவர்கள் வயிற்றை நிரப்பியது ரொட்டிதான். அதோடு உருளைக்கிழங்கும், சர்க்கரை போட்ட தேநீரும், ரொட்டியில் தடவிக்கொள்ள இறைச்சியை வாட்டும்போது வடிந்த கொழுப்போ வெல்லப்பாகோ கொஞ்சமும் இருந்தால் அன்றைய சாப்பாடு முடிந்தது. 1863-இல் எட்வர்ட் ஸ்மித் என்ற மருத்துவர் அரசுக்காக விவசாயக் கூலிக் குடும்பங்களின் உணவைக் கணக்கெடுத்தார். பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரியாக ஐந்தரை கிலோ ரொட்டி செலவானது. இறைச்சியோ 450 கிராம் அளவுதான், தேயிலை வெறும் 14 கிராம். இவ்வளவு தேயிலையில் ஒரு வாரத்தை ஓட்ட வேண்டுமென்றால், அந்தத் தேநீர் எவ்வளவு வெளிறியிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆனாலும் ஆறிப்போன ரொட்டியைச் சூடான சாப்பாடாக மாற்றித் தந்தது அதுதான்.

சராசரிக் கணக்கு மறைத்துவிடும் ஒரு செய்தியையும் ஸ்மித் கவனித்துப் பதிவு செய்தார். அந்த 450 கிராம் இறைச்சி வீட்டில் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டு கூலிக்குப் போகும் ஆணின் தட்டுக்கே போயிற்று. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உருளைக்கிழங்கும், இறைச்சி வெந்த நீரும் கிடைத்தால் பெரிது. கணவரின் உடம்பில் தெம்பு இருந்தால்தான் அடுத்த வாரக் கூலி வரும் என்பதால், தாய்மார்கள் இதை முறையென்றே ஏற்றுக்கொண்டிருந்தார்கள். கருவுற்றிருந்தவர்களும் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தவர்களும் இதற்கு விலக்கல்ல என்பதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

கேள்வி: பட்டாணி, காய்கறி, மலிவான எலும்பு என்று வாங்கி வீட்டிலேயே சமைத்திருந்தால் செலவு குறைந்திருக்குமே? ஏன் கடை ரொட்டியையே நம்பியிருந்தார்கள்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இதே கேள்வியை அந்தக் காலத்து வசதியான வீட்டாரும் கேட்டார்கள். ஏழைப் பெண்களுக்குச் சமைக்கத் தெரியவில்லை, சிக்கனம் தெரியவில்லை என்று குறையும் சொன்னார்கள். அந்தப் பழி நியாயமற்றது என்பது என் உறுதியான கருத்து. மகாராணியின் அரண்மனையில் தலைமைச் சமையல்காரராக இருந்த ஃபிரான்கடெல்லி, 1852-இல் உழைக்கும் மக்களுக்கென்றே ஒரு சமையல் புத்தகம் எழுதினார். நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட அந்தப் புத்தகம், முதலில் பணம் சேர்த்து ரொட்டி சுடும் மூடிய அறை (oven) வைத்த அடுப்பும் பாத்திரங்களும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் தொடங்குகிறது. அவர் கொடுத்த பட்டியலின் மொத்த விலை 6 பவுண்டுக்கு மேல், அதாவது 120 ஷில்லிங்குக்கு மேல். அப்போது விவசாயக் கூலிக்காரரின் சராசரி வாரக் கூலி 10 ஷில்லிங்கைக்கூடத் தொடவில்லை. மூன்று மாதக் கூலியை அப்படியே எடுத்து வைத்தால்தான் அந்தச் சமையலறை கைகூடும்.

நகரத்தில் ஒரே அறையில் குடியிருந்த குடும்பத்துக்கு, குளிர் காய்வதற்கும் தண்ணீர் கொதிக்க வைப்பதற்கும் ஒரே கணப்புதான் இருந்தது. நிலக்கரியைச் சில்லறையாக, அதுவும் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. தண்ணீரைத் தெருக் குழாயில் முறை வைத்துப் பிடித்தார்கள். பட்டாணி வேக எத்தனை மணி நேரம் நெருப்பு எரிய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். தாயும் வேலைக்குப் போகிற வீட்டில் அந்த நெருப்பைப் பார்த்துக்கொள்ள யார் இருந்தார்கள்? வாட்டிய இறைச்சி சாப்பிட வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமை பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு போய் ரொட்டிக்கடை அடுப்பில் கூலி கொடுத்து வைத்து வாங்கி வந்தார்கள். மற்ற நாட்களில் லண்டன் தெருக்களில் விற்ற பட்டாணி சூப், சூடான விலாங்கு மீன், வேகவைத்த ஆட்டுக்கால், சுட்ட உருளைக்கிழங்கு ஆகியவையே சூடான உணவு. இன்று செல்வந்தர் உணவான கடல் சிப்பியும் அன்று ஏழைகளின் தெருத் தீனியாக இருந்தது.

கேள்வி: ரொட்டியில் படிகாரம் கலந்தார்கள் என்பது உண்மையா?
– வாசகர், திருச்சி

பதில்: உண்மை. மட்டமான மாவையும் வெள்ளையாகக் காட்டுவதற்காகக் கலந்தார்கள். 1850-களின் தொடக்கத்தில் ஆர்தர் ஹில் ஹாசல் என்ற மருத்துவர் லண்டன் கடைகளில் உணவுப் பொருட்களை வாங்கிச் சோதித்து, ‘லான்செட்’ மருத்துவ இதழில் கடைக்காரர்களின் பெயரோடு வெளியிட்டார். அவர் சோதித்த 49 ரொட்டிகளில் ஒன்றுகூடப் படிகாரம் இல்லாததாக இல்லை. காலராவுக்கும் குடிநீருக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய அதே ஜான் ஸ்னோ, குழந்தைகளின் எலும்பு வளைவு நோய்க்கு இந்தப் படிகார ரொட்டியும் காரணமாகலாம் என்று 1857-இல் எழுதினார். 1858-இல் பிராட்ஃபோர்டு நகரில், மிட்டாயில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் ஜிப்சம் தூள் என்று நினைத்து ஆர்சனிக் என்ற நஞ்சு விற்கப்பட்டுவிட்டது. ஏறக்குறைய 20 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் நோயுற்றார்கள். கலப்படத்தைத் தடுக்க 1860-இல் வந்த சட்டம் வலுவற்றதாக இருந்தது. 1875-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே கலப்படம் குறையத் தொடங்கியது.

கேள்வி: அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நிலைமை மாறியதா?
– வாசகி, மதுரை

பதில்: ஓரளவு மாறியது. அமெரிக்கக் கோதுமை வந்து ரொட்டி விலை இறங்கியது, 1882-இல் நியூசிலாந்திலிருந்து உறைய வைத்த ஆட்டிறைச்சி கப்பலில் வந்து சேர்ந்தது, ஜாம் மலிந்தது. தேயிலையும் மலிந்தது, அதன் பின்னால், சென்னை மாகாணத்திலிருந்து இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போய்க் கொழுந்து பறித்த நம் தமிழ்க் குடும்பங்களின் அற்பக் கூலியும் இருந்தது. ஆனால் 1899-இல் சீபோம் ரவுன்ட்ரீ என்ற சமூக ஆய்வாளர் இங்கிலாந்தின் யார்க் நகரில் வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது, நகர மக்களில் ஏறக்குறைய 28 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தார்கள். வறுமைக் கோட்டை வகுக்க அவர் வைத்துக்கொண்ட உணவுப் பட்டியலில் கசாப்புக் கடை இறைச்சிக்கு இடமே தரவில்லை. அந்த உணவுக்கும் போதாத வருமானத்தில் வாழ்ந்தவர்கள் மட்டுமே அந்நகரில் பத்தில் ஒரு பங்கு.