துட்டி கேட்ட குரல்

கேள்வி: முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். 2021 மே மாதம் அப்பா கொரோனாவில் இறந்துவிட்டார். எனக்கும் அம்மாவுக்கும் தொற்று இருந்ததால் நெல்லை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் எட்டு நாளும் கூட இருந்தது தம்பிதான். அவனுக்கு 26 வயது. சென்னையில் பார்த்த வேலை அதற்கு முந்தின வருஷ ஊரடங்கிலேயே போய்விட்டது. இப்போது யாரோடும் பேசுவதில்லை. ராத்திரி தூங்காமல் மொட்டை மாடியில் கிடக்கிறான். ‘நான் இருந்து என்ன ஆகப் போகுது’ என்கிறான். ஒருநாள் அவன் போனை எடுத்துப் பார்த்தேன், நடுராத்திரியில் மூன்று தடவை 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்குப் பேசியிருந்தான். பெண் வீட்டார் காதுக்குப் போனால் வம்பு என்று அதையெல்லாம் அழித்துவிட்டேன். அப்பாவின் முதல் வருஷத் தலைத்திதிக்குள் கல்யாணத்தை முடித்தால் சரியாகிவிடுவான் என்கிறார் மாமா. முடிக்கலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: கல்யாணப் பேச்சு இருக்கட்டும். ‘அதையெல்லாம் அழித்துவிட்டேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஒரு வரியைத்தான்.

எதை அழித்தீர்கள்? 104 என்பது மூன்றே இலக்கம். போனிலிருந்து எடுத்தால் அவனுக்கு மறந்தா போகும்? நீங்கள் அழித்ததில் நடந்தது வேறு. மறுநாள் போனைக் கையில் எடுத்தவன் அந்த அழைப்புகளைக் காணாமல் தேடியிருப்பான். உங்கள் வீட்டில் அவன் போனைத் தொடுகிற ஆள் யார்? அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் காலையில் எதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அவன் இப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பான். நடுராத்திரியில் முகம் தெரியாத ஒருவரிடம் அழுதவனுக்கு வீட்டிலிருந்து கிடைத்த பதில் அதுதான்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். இதே போன்ற கடிதம் இந்த இரண்டு மாதத்தில் எத்தனையோ வந்துவிட்டது. எல்லாவற்றிலும் கடைசியில் ‘வெளியே தெரியாமல்’ என்று ஒரு சொல் இருக்கிறது.

நம் பக்கத்தில் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வருவார்கள். என் அம்மா போனபோது கல்லிடைக்குறிச்சி வீட்டுத் திண்ணையில் பதினாறு நாளும் ஆள் ஓயவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் ‘எப்படிப் போனா?’ என்று அதையே கேட்பார்கள். அதையே திரும்பத் திரும்பச் சொல்வோம். அப்போது எனக்குச் சலிப்பாக இருந்தது. சொல்லச் சொல்லத்தான் அந்தச் சாவு என் நெஞ்சிலிருந்து இறங்கியது என்று பிறகு புரிந்தது. உங்கள் அப்பாவுக்கு யார் துட்டி கேட்க வந்தார்கள்? ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த மாதம் அது. பொட்டலமாகக் கட்டிய உடம்பைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தவன் உங்கள் தம்பி ஒருவன்தான். மூச்சுக்குத் தவித்த அந்த எட்டு நாளையும் பார்த்தவன் அவன். அவனிடம் ‘எப்படிப் போனாரு?’ என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

கேட்டவர் அந்த 104-ல் இருந்தவர்தான். மே மாதம் படுக்கை கேட்டு ஊர் ஊராக மக்கள் அழைத்ததும் அதே எண்ணைத்தான். சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் கட்டளை மையம் வைத்து ராப்பகலாக எடுத்தார்கள். அப்பாவுக்காகப் பழகிய எண்ணைத் தனக்காக அவன் மறுபடி அழைத்திருக்கலாம். 104-ல் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது. அங்கே கூப்பிட்டது அவமானம் இல்லை. பிழைத்துக் கிடக்க வேண்டும் என்று அவனுக்குள் ஏதோ ஒன்று பிடிவாதமாக இருப்பதால்தான் கூப்பிட்டிருக்கிறான். அந்தப் பிடிவாதத்துக்கு நீங்கள் துணை நின்றிருக்க வேண்டும்.

அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் அப்பா. நான் அப்படி வளர்ந்தவள், இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கடையையும் கடனையும் பார்த்துக்கொள்வதோடு அந்தப் பொறுப்பு முடிந்துவிடாது.

‘நான் இருந்து என்ன’ என்பதைச் சலிப்பில் சொல்கிற பேச்சாக விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே நேராகக் கேளுங்கள்: ‘செத்துப் போகணும்னு தோணுதா?’ கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி வராது. ஆமாம் என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். வாழைக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்று சாயங்காலத்துக்குள் வேறு வீட்டுக்குப் போகட்டும். மறுநாள் காலையிலேயே ஹைகிரவுண்டில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அப்பா இறந்த கட்டடத்துக்குள் வர அவன் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் வேறு எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்து அங்கே போங்கள். 104 எந்நேரமாவது கிடைக்காவிட்டால் 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா இருக்கிறது: 044-24640050.

தற்கொலைப் பேச்சு வெளியே தெரிந்தால் போலீஸ், கேஸ் என்று மாமா பயமுறுத்துவார். 2017-ல் வந்த மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, உயிரை விட முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருதச் சொல்கிறது. சிகிச்சையை ரகசியமாக வைக்கச் சொல்லும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது.

கல்யாணம் வேண்டாம். தலைத்திதிக்குள்ளும் வேண்டாம், முடிந்த கையோடும் வேண்டாம். யாரோ பெற்று வளர்த்த பெண்ணிடம் இதை மறைத்துக் கூட்டிவந்து, நீங்கள் கேட்கத் துணியாத கேள்வியை அவள் கேட்டுக்கொள்ளட்டும் என்று விடுவது பாவம். மாமாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இன்று ராத்திரி அவன் மாடிக்குப் போனதும் நீங்களும் பாயை எடுத்துக்கொண்டு போங்கள். போனைப் பார்த்தது நான்தான், அழித்ததும் நான்தான், தப்பு என்று முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். அந்த எட்டு நாளில் அவர் என்ன சாப்பிட்டார், யாரைத் தேடினார், உங்களைக் கேட்டாரா என்பதெல்லாம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.