போடியம் கோட்டை: கேள்வி பதில்

தென்கிழக்கு இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், ரோதர் ஆற்றங்கரைப் பக்கம் நிற்கும் போடியம் கோட்டையைப் பற்றி நண்பர்கள் பலர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: கட்டியது எந்த ராஜா?

ராஜா இல்லை, சர் எட்வர்ட் டாலிங்ரிட்ஜ் என்ற போர்வீரர். இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போரில் பிரான்சுக்குப் போய்ப் பணம் சேர்த்தவர். போடியம், மனைவி எலிசபெத் வழியில் வந்த சொத்து. 1377-ல் பிரெஞ்சுக்காரர்கள் கடல்வழியாக வந்து பக்கத்து ரை நகரைக் கொளுத்தியிருந்தார்கள். கரையோரக் காவலைக் காரணம் காட்டி, 1385-ல் மன்னர் இரண்டாம் ரிச்சர்டிடம் கோட்டை கட்ட உரிமம் வாங்கினார்.

கேள்வி: அகழி நடுவில் நேராகப் பாலம் போகிறதே, எதிரிக்கு வசதியாக இருக்காதா?

இந்த நேர்ப்பாதை பிறகு வந்தது. முதலில் பாலம் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டு, அகழிக்குள் இருக்கும் எண்கோணத் திட்டில் சேர்ந்தது. அங்கிருந்து செங்கோணமாகத் திரும்பினால்தான் வாசல். கேடயம் பிடிப்பது இடக்கையில். ஆனால் மேற்கிலிருந்து வருபவனுக்குக் கோட்டை வலப்பக்கம். அதாவது, மறைப்பில்லாத உடம்பைக் காட்டிக்கொண்டே பாலம் முழுக்க நடந்தாக வேண்டும்! வாசலுக்குள் வந்துவிட்டால் அண்ணாந்து பாருங்கள். வளைகூரையில் வட்டத் துளைகள் தெரியும், கீழே நிற்பவர் தலையில் எதையும் கொட்டலாம். மேலிருந்து இறக்கும் பழைய மரக் கிராதிக் கதவும் அங்கேயே தொங்குகிறது.

கேள்வி: வெறும் அலங்காரக் கோட்டை என்கிறார்களே?

பாதி சரி. அகழி ஆழம் குறைவு, பள்ளத்தாக்குப் பக்கக் கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும். பீரங்கியோடு பெரும்படை வந்தால் தாக்குப்பிடித்திருக்காது. ஆனால் திடீரென்று கொள்ளையடிக்க வரும் கூட்டத்துக்கு இது போதும், தண்ணீர் இருக்கும்வரை மதிலுக்கடியில் சுரங்கமும் தோண்ட முடியாது. அழகும் வேண்டும், காவலும் வேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டிய வீடு என்றே நான் பார்க்கிறேன்.

கேள்வி: கழிப்பறை இருந்ததா?

நிறையவே! எல்லாம் நேரே அகழிக்குள்தான். குடிநீருக்குத் தென்மேற்குக் கோபுரத்தின் அடியில் தனிக் கிணறு. அதே கோபுரத்தின் உச்சியில் புறாக்கூடுகள், சாப்பாட்டுக்கு வளர்த்தவை.

கேள்வி: வெளிமதில் இவ்வளவு நன்றாக இருக்க, உள்ளே ஏன் பாழ்?

1640-களின் உள்நாட்டுப் போருக்குப் பின் உட்கட்டடங்களைக் கலைத்துவிட்டார்கள்.

கேள்வி: கர்சன் வாங்கினாராமே, நம் வைஸ்ராய் கர்சனா?

அவரேதான், 1905-ல் வங்காளத்தைப் பிரித்தவர். அதற்கு முந்தைய ஆண்டு இந்தியாவில் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அவர் காலத்தில்தான். போடியத்தை 1917-ல் வாங்கி, அகழித் தண்ணீரை வடித்துச் செப்பனிட்டார். 1925-ல் அவர் இறந்தபின், உயில்படி, பழஞ்சின்னங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் போனது. அவருக்கு முன்பே, 1829-ல், ஜான் ஃபுல்லர் என்பவர் இதை இடிபடாமல் காக்க வாங்கியதையும் மறக்கக் கூடாது.

கேள்வி: அடுத்த மாதம் போகிறேன். தவறவிடக் கூடாதது எது?

பெருங்கூடத்தின் ஓரம் வரிசையாக நிற்கும் மூன்று வளைவு வாசல்கள். ஒன்று ரொட்டி அறைக்கு, ஒன்று பான அறைக்கு. நடு வாசல் வழியாகத்தான் சமையற்கட்டுக்குப் போவார்கள். அங்கே எதிரெதிரே இரண்டு பெரிய அடுப்புகள் இருக்கின்றன. ஒன்றின் பக்கத்தில் நின்று பாருங்கள், எத்தனை பேருக்குச் சமைத்திருப்பார்கள் என்பது அப்போது புரியும்.